நாலடித் தூரத்தில் கொம்பன் ஆந்தை

அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க முனீஸ்வரிக்கு எரிச்சல் வந்தது. படம் அவ்வளவு நன்றாக இருந்தது.

மூன்றடி உயரச் சட்டத்துக்குள் ஒரு கொம்பன் ஆந்தை ஒரு கல்லின் மேல் நின்றது. தலையில் இரண்டு கொம்பு போல இறகு விடைத்திருக்க, ஆரஞ்சுக் கண்கள் இரண்டும் பார்ப்பவரை நேராகப் பார்த்தன. நெஞ்சு இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கீழே சின்ன அட்டை: முதல் பரிசு. முகேஷ், மதுரை.

"ரேஷன் கடைக்காரர் பாக்குற மாதிரியே பாக்குதுக்கா," என்றான் அல் அமீன். "பாமாயில் அடுத்த மாசந்தான்னு."

முனீஸ்வரி சிரிக்கவில்லை. சிம்மக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடந்த அந்தப் பறவைப் படக் கண்காட்சியில் மின்விசிறி ஓடியும் வேர்த்தது. நாலு நாள் அலைந்தும் கையில் ஒன்றும் சிக்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு ஜாமீன் மனு.

வழக்கு சின்னது. மாட்டிக்கொண்டவனுக்குத்தான் பெரியது. திருமங்கலத்துக்கு மேற்கே, கைவிட்ட கல்குவாரி ஒன்றில், பாறைத் திட்டில் இருந்த மூன்று ஆந்தைக் குஞ்சுகளைக் காணவில்லை. மாந்திரீகம் செய்கிறவர்களுக்கு விற்றுவிட்டதாகச் சொல்லி, அங்கே ஆடு மேய்க்கும் கண்ணுச்சாமியைப் பிடித்துப் பன்னிரண்டு நாளாக வனத்துறையினர் உள்ளே வைத்திருந்தார்கள். புகார் கொடுத்தவர், பரிசு வாங்கிய இதே முகேஷ். குஞ்சுகள் என்ன ஆயின என்று சொல்ல முடியாவிட்டால் மனு நிற்காது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். கண்ணுச்சாமியின் மனைவி தங்கப்பொண்ணு நாற்பது ஆட்டையும் ஒற்றை ஆளாக மேய்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான், காசுக்குத் துப்பு விசாரித்துக் கொடுக்கும் முனீஸ்வரியைத் தேடி வந்து, எம்புருசன் எடுக்கலை, எடுத்தது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க என்று கேட்டவள்.

கிடைத்திருந்தது ஒரே ஒரு பிடி. பாறைத் திட்டின் விளிம்பில் மறைப்பாக வளர்ந்திருந்த இலந்தைச் செடியை யாரோ வெட்டிக் குழிக்குள் தள்ளியிருந்தார்கள். குஞ்சை எடுக்கக் கண்ணுச்சாமிதான் அரிவாளால் வெட்டினான் என்பது புகார். முனீஸ்வரி பிறந்தது இது போன்ற ஒரு குவாரியில். அப்பா கம்ப்ரசர் ராடு பிடித்துப் பாறையில் துளை போட்டார். அவள் பதினாறு வயது வரை லாரிக்குக் கல் சுமந்தாள். நேற்று அந்தக் குழிக்குள் இறங்கி, காய்ந்து கிடந்த இலந்தைக் கொப்புகளைப் பார்த்ததும் அவள் சொன்னது இதுதான்:

"நாப்பது ஆடு வச்சிருக்கிறவன் எலையோட கொப்பை வெட்டிப் போட்டுட்டு வெறுங்கையோட போவானா? இதை வெட்டினவனுக்கு எலை வேணாம். வெளிச்சம் வேணும்."

வெளிச்சம் யாருக்கு வேண்டும் என்று யோசித்துத்தான் இங்கே வந்திருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் முகேஷ் ஓடி வந்து தண்ணீர் பாட்டில் கொடுத்தார். பைபாஸ் ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும், காலரில் பரிசு பேட்ஜ். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தார். குழியின் எதிர்க்கரையில் உட்கார்ந்து, நூற்றைம்பது அடித் தூரத்திலிருந்து, பெரிய லென்ஸில் எடுத்த படம். கூட்டுப் பக்கம் போகவே இல்லை. கூட்டில் எடுத்த படத்தைப் போட்டியில் சேர்க்கவே மாட்டார்கள், விதி அப்படி. செடியை ஆட்டுக்காரன் வெட்டியிருப்பான். சொல்லிவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம் என்று கேட்டார்.

இந்த மாதிரி மரியாதையான ஆட்களிடம் மோதுவது சுவரில் மோதுவது போல. முனீஸ்வரிக்குக் கோபத்தைக் கொட்ட இடம் கிடைக்கவில்லை. மறுபடியும் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஆந்தையைப் பார்த்துப் பயனில்லை என்று தோன்ற, ஆந்தையை விட்டுவிட்டுக் கல்லைப் பார்த்தாள்.

கல்லில் அவளுக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. ஆந்தை நின்ற கல்லின் முகத்தில் ஒரு நீளக் குழிவு. கம்ப்ரசர் ராடு போட்ட துளையில் பாறை பிளந்தால் பாதித் துளை இப்படித்தான் கல்லில் நிற்கும். ஆந்தைக்குப் பின்னால் சுவர் போல நின்ற பாறையிலும் அதே மாதிரி ஒரு குழிவு. அவள் படத்தின் மேல் கட்டைவிரலை வைத்தாள். முன் குழிவு விரலின் அகலத்துக்குச் சரியாக இருந்தது. பின் குழிவில் பாதி விரல்தான் அடங்கியது.

அல் அமீனைக் கூப்பிட்டு, ரெண்டும் ஒரே ராடு போட்ட துளை, நேற்று நானே தடவிப் பார்த்தேன், ஒரே அகலம், படத்தில் ஏன் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்று கேட்டாள். அவளிடம் வேலைக்குச் சேரும் முன் அல் அமீன் டவுனில் பத்து வருசம் கேமரா ரிப்பேர் பார்த்தவன். குனிந்து பார்த்தான். சட்டத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் வரைக்கும் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"அந்தக் கல்லுக்கும் பின்னாடி சொவத்துக்கும் எம்புட்டுக்கா?"

"நாலடி. டேப் வச்சு அளந்தேன்."

அவன் முகேஷ் பக்கம் திரும்பினான். "அண்ணே, நூத்தம்பது அடியில இருந்து பாத்தா நூத்தம்பதும் ஒண்ணுதான், நூத்தம்பத்தி நாலும் ஒண்ணுதான். ரெண்டு துளையும் ஒரே அளவாத் தெரிஞ்சிருக்கணும். பின்னாடி இருக்கிறது பாதியாத் தெரியணும்னா, அது ரெட்டிப்புத் தூரத்துல இருக்கணும். கல்லுக்கும் சொவத்துக்கும் நாலடின்னா, ஒங்க கேமராவுக்கும் கல்லுக்கும் நாலடி." தண்ணீர் பாட்டிலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "நாலடியில நீங்க ஆந்தைய படம் புடிக்கல. ஆந்தைகிட்ட பேட்டி எடுத்திருக்கீங்க."

முகேஷ் உடனே மறுத்தார். பிறகு அப்படியெல்லாம் கணக்குப் போட முடியாது என்றார். பிறகு சுற்றிலும் பார்த்து, அவர்களை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குரலை இறக்கினார். திட்டின் மேலேயே பச்சைத் துணியில் ஒரு சின்னக் கூடாரம் போட்டு மூன்று நாள் அதற்குள் உட்கார்ந்திருந்தாராம். இலந்தைக் கொப்பு ஆந்தையின் முகத்துக்குக் குறுக்கே வந்ததாம், அதனால் வெட்டினாராம்.

"ஆனா குஞ்சுகளை நான் தொடலை மேடம். என் பொண்ணு மேல சத்தியம். ரெண்டு நாள் கழிச்சுப் போனேன், கூடு காலியா இருந்துச்சு. அந்த ஆடு மேய்க்கிற ஆள் முந்தியே என்கிட்ட சண்டை போட்டான், இங்க வராதேன்னு. அவன்தான் எடுத்திருப்பான்னு நெனச்சேன். பதறிப்போய்த்தான் புகார் கொடுத்தேன்."

முனீஸ்வரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருடியவன் தானே போய் அதிகாரிகளைக் கூட்டி வந்து, தன் கூடாரம் நின்ற இடத்தைக் காட்ட மாட்டான். சொன்னது உண்மை. அவளுக்கு அதுதான் பிடிக்கவில்லை. இதை எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டாள். பரிசைத் திரும்ப வாங்கிவிடுவார்கள், எழுத மாட்டேன் என்றார். யார் கேட்டாலும் எதிர்க்கரை என்றுதான் சொல்வேன் என்றும் சொன்னார், அதையும் மரியாதையாகவே.

வெளியே வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் சீட்டில் கை வைக்க முடியவில்லை.

"அவன் பொய் சொல்லியிருந்தா எம்புட்டு வசதியா இருந்திருக்கும்," என்றான் அல் அமீன்.

முனீஸ்வரி தங்கப்பொண்ணுக்குப் போன் போட்டாள். தோற்ற செய்தியைச் சுற்றி வளைத்துச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. செடியை வெட்டியவன் முகேஷ்தான், ஆனால் குஞ்சை எடுத்தவன் அவன் இல்லை, வேறு யார் என்றும் தெரியவில்லை, காலைக்குள் தெரியுமா என்பதும் சந்தேகம் என்று நாலு வரியில் சொன்னாள். அந்தப் பக்கம் ஆடு கத்தியது. பிறகு தங்கப்பொண்ணு தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"யாரு எடுத்தா, யாரு எடுத்தான்னே எல்லாரும் கேக்குறீக. அவரு அன்னைக்கே சொன்னாரு, யாரும் எடுக்கலை, நடந்து போயிருக்கும்னு."

"எது நடந்து போயிருக்கும்?"

"கோட்டான் குஞ்சுதான். றெக்கை மொளைக்கிறதுக்கு முன்னாடியே எறங்கி நடந்துருமாம். வருசா வருசம் அப்படித்தான்னு சொல்வாரு. வாக்குமூலம் எழுதுன ஆளு சிரிச்சுட்டாரு, எங்க, திருமங்கலத்துக்கு டவுன் பஸ் புடிக்கப் போச்சான்னு. பெறகு நானும் எங்கயும் சொல்லலை. ஒங்ககிட்டச் சொன்னா நீங்களும் சிரிப்பீகன்னு..."

முனீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எடுத்தது யார் என்று கேட்டாளே தவிர, எடுத்தார்களா என்று கேட்கவில்லை. காலி இடத்தை டேப் வைத்து அளந்தவள், அதைச் சுற்றி இருபது அடி நடந்து பார்க்கவில்லை. ஊரில் எல்லாரும் முகேஷின் படத்தில் ஆந்தையை மட்டும் பார்த்த மாதிரி, அவளும் அந்தத் திட்டை மட்டுமே பார்த்திருந்தாள்.

ஆந்தை நடக்குமா என்று அல் அமீனிடம் கேட்டாள்.

"கோழி நடக்குது, கொக்கு நடக்குது, தேர்தல் வந்தா மந்திரியே நடக்குறாரு. ஆந்தைக்கு என்னக்கா, காலு இருக்குல்ல."

அவன் பழைய முதலாளியின் கடைக்குப் போய், சரிபார்க்க வந்திருந்த ஒரு பெரிய லென்ஸை ஒரு நாளைக்கு என்று கெஞ்சி வாங்கி வந்தான். முழங்கை நீளம் இருந்தது. மாட்டிக்கொள்வதற்குக் கேமராவும் கொடுத்தார்கள். திருமங்கலம் தாண்டி ஸ்கூட்டர் பஞ்சர் ஆகி, ஒட்டுகிறவன் சாப்பிடப் போயிருந்ததால் முக்கால் மணி நேரம் வீணாகி, குவாரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை.

தங்கப்பொண்ணு வழி சொன்னபடி, திட்டிலிருந்து லாரிகள் ஏறி இறங்கிய பழைய சரிவு வழியாக நடந்தார்கள். சரிவு முடிகிற இடத்தில், மேற்கு ஓரமாக, உடைகல் குவியல் ஒன்று வீடு உயரத்துக்குக் கிடந்தது. லாரிக்கு உதவாத கல்லை அங்கேதான் தள்ளியிருந்தார்கள். இடுக்கு இடுக்காக நிழல். ஒரு கல்லின் மேல் சுண்ணாம்பு கொட்டினது போல எச்சம். அதன் அடியில் விரல் நீளத்துக்கு மயிர் உருண்டை ஒன்று கிடந்தது. முனீஸ்வரி குச்சியால் பிரித்தாள். உள்ளே எலியின் தாடை. ஆந்தை, தின்றதில் செரிக்காததை இப்படி உருட்டிக் கக்கிவிடும். உருண்டை இன்னும் ஈரமாக இருந்தது.

பன்னிரண்டு நாளாகக் குஞ்சு இல்லாத இடத்துக்கு ஆந்தை ஏன் எலி கொண்டுவருகிறது?

அல் அமீன் கல்லைப் புரட்டிப் பார்க்கக் கையை நீட்டினான். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பகலில் குஞ்சைக் கிளப்பினால் காக்காய் விடாது. வெளியில் துரத்திக் கொத்தியே கொன்றுவிடும். அப்படிக் கொன்றால் கண்ணுச்சாமியின் பெயரில் இருக்கும் வழக்கு அவர்கள் பெயருக்கு வரும். தானாக வெளியே வரும் வரைக்கும் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த வழி அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

வனவர் செல்வக்குமாருக்குப் போன் போட்டாள். வழக்கு அவர் கையில்தான் இருந்தது. அவர் முதலில் போட்டோ அனுப்புங்கள் என்றார். போட்டோ இல்லை, நேரில் வாருங்கள் என்றாள். போட்டோ இல்லாமல் எப்படி வருவது என்றார். நாலு முறை இதையே மாற்றி மாற்றிப் பேசினார்கள். கடைசியில், வேறு வேலையாகத் திருமங்கலத்தில்தான் இருக்கிறேன், பத்து நிமிசம் வந்துவிட்டுப் போகிறேன் என்று சலித்துக்கொண்டு ஜீப்பில் வந்தார். ஐம்பது வயதுக்காரர். முழங்கால் வலியோடு சரிவில் இறங்கி, கல்லைப் பார்த்து, கல்லாக இருக்கிறதே என்றார். போன் அடித்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று முனீஸ்வரி மூன்று பேர் போனையும் ஜீப்பிலேயே வைக்கச் சொன்னாள். அதற்கும் முறைத்துவிட்டுத்தான் வைத்தார்.

நாற்பதடி தள்ளி ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தார்கள். நாலரை ஆனது. ஐந்தும் ஆனது. எறும்பு ஏறியது. செல்வக்குமார் இரண்டு முறை எழுந்தார், இரண்டு முறையும் முனீஸ்வரி பார்த்த பார்வையில் உட்கார்ந்தார். அல் அமீன் லென்ஸைத் தாங்கித் தாங்கித் தோள் வலிக்கிறது என்றான், இதைவிடச் சின்னதாகத்தான் எங்க அத்தா வீட்டில் தண்ணிக் குழாய் போட்டார் என்றான். யாரும் சிரிக்கவில்லை.

வெயில் குழியின் விளிம்புக்கு ஏறிய பிறகு, கல் இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று வெளியே வந்தது. பழைய கம்பளித் துணியைச் சுருட்டிக் கால் வைத்தது போல இருந்தது. நின்றது. தலையைச் சாய்த்தது. பிறகு, யாரோ கூப்பிட்டுக் கோபத்தில் போகிற ஆள் மாதிரி விறுவிறுவென்று நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

அல் அமீன் அடுத்தடுத்துப் படம் எடுத்தான். எடுத்ததைச் சின்னத் திரையில் பார்த்தான். குழிக்குள் வெளிச்சம் போய்விட்டிருந்தது. சாம்பல் கல்லுக்கு முன்னால் சாம்பல் குஞ்சு, எது எது என்று எடுத்தவனுக்கே தெரியவில்லை.

"ரெண்டு கல்லை அழகா எடுத்திருக்கேன்," என்றான்.

செல்வக்குமார் தாழ்ந்த குரலில் சொன்னார். "ரெண்டுதாம்மா இருக்கு. புகார்ல மூணு. ஒண்ணு இல்லைன்னாலும் கேஸ் கேஸ்தான்."

முனீஸ்வரிக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. குழிக்கு மேலே எங்கோ தாய் ஆந்தை அடித்தொண்டையில் குரல் கொடுத்தது. இரண்டு குஞ்சுகளும் அந்தப் பக்கம் போய்ப் புதருக்குள் மறைந்தன. பிறகு ஒன்றும் இல்லை. ஐந்து நிமிசம், பத்து நிமிசம். செல்வக்குமார் வேட்டி கட்டியிருந்தால் தட்டிவிட்டு எழுந்திருப்பார், பேண்டாக இருந்ததால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

மூன்றாவது அவர்களுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவர்கள் சாய்ந்திருந்த பாறைக்கு அடியில்தான் இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது. அல் அமீனின் இடது காலுக்கு ஐந்தடியில் வெளியே வந்து, அவன் செருப்பைப் பார்த்து நின்றது. மஞ்சள் கலந்த கண், கண்ணைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சுக்கு நடுவில் கறுத்த அலகு. அலகை இரண்டு முறை டக் டக்கென்று அடித்தது. முகேஷுக்குக்கூட இந்த மாதிரி வந்து நின்றிருக்காது.

அல் அமீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைத் திருப்பினான். லென்ஸ் வளையத்தை ஒரு பக்கம் திருகினான், மறுபக்கம் திருகினான். அவன் நெற்றியில் வேர்வை இறங்கியது.

"அக்கா," என்று உதட்டுக்குள் சொன்னான். "இந்த லென்ஸுக்குப் பதினஞ்சு அடிக்குள்ள எதுவுமே தெரியாது. வெறும் புகை."

குஞ்சு அவனுக்கும் செல்வக்குமாருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக, வனவரின் பூட்ஸை உரசுகிற தூரத்தில் நடந்து, தாயின் குரல் வந்த திக்கில் போனது. போகும்போது அவசரப்படவில்லை.

செல்வக்குமார் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படம் விழுந்ததா என்று கேட்டார். அல் அமீன் திரையைக் காட்டினான். அடுப்புச் சாம்பலைத் துடைத்த துணி மாதிரி இருந்தது.

"இதை வச்சு நான் என்னம்மா செய்யிறது?"

"இதை வச்சு ஒண்ணும் செய்ய வேணாம் சார்," என்றாள் முனீஸ்வரி. "மூணையும் நேருல பாத்தேன்னு எழுதுங்க."

அது முடியாது என்று அவர் சொல்லவில்லை. படம் இருந்தால் படம் பேசும், எழுதினால் நான் பேச வேண்டும் என்றார். நாளைக்கு அரசு வக்கீலே என்னை நிறுத்திக் கேட்பான், நீ பார்த்தது ஆந்தைதானா, இருட்டில் எப்படித் தெரிந்தது, உனக்கு யார் என்ன கொடுத்தார் என்று. மேலதிகாரி கேட்பார், பன்னிரண்டு நாளாக எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று. சர்வீஸ் முடிய இன்னும் எட்டு வருசம் இருக்கிறது.

முனீஸ்வரி அவரைக் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற நிலையைத் தாண்டியிருந்தாள்.

"உள்ள இருக்கிறவன் சொன்னப்பவும் இதேதான் சார். அவன் கண்ணால பாத்ததைச் சொன்னான், கையில படம் இல்லை, ஆடு மேய்க்கிற ஆளு. சிரிச்சாங்க. இப்ப நீங்க பாத்துட்டீங்க. ஒங்க பூட்ஸ் பக்கத்துல போச்சு. பாக்கலைன்னு எழுதுறதுன்னா அதையும் எழுதிக் குடுங்க, நான் கொண்டுபோய்க் குடுத்துர்றேன்."

அவர் இருட்டிக்கொண்டு வந்த குழியைப் பார்த்தார். ஜீப்புக்குப் போய் ஃபைலையும் தன் போனையும் எடுத்து வந்து, போனில் விளக்கைப் போட்டு அல் அமீனைப் பிடிக்கச் சொன்னார். பேனா எழுதவில்லை. உதறினார். முனீஸ்வரி தன் பேனாவைக் கொடுத்தாள். தேதி போட்டார், நேரம் போட்டார், இடம் போட்டார். எண்ணிக்கை வந்த இடத்தில் பேனா நின்றது. தலையை நிமிர்த்தாமலே, கடைசியாக வந்தது எந்தப் பக்கம் போனது என்று கேட்டார். தாய் கத்தின பக்கம் என்றான் அல் அமீன். அதையும் எழுதினார்.

பிறகு, அந்த இலந்தையை வெட்டினது யார் என்று கேட்டார். முனீஸ்வரி பெயரைச் சொன்னாள். கல்லில் இருக்கும் இரண்டு துளைகளையும் நாளைக்குக் கோர்ட் முடிந்ததும் வெளிச்சத்தில் காட்டுவதாகச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, அடைப்புக்குள் முழுப் பெயரையும் பதவியையும் நிறுத்தி நிதானமாக எழுதினார்.

முனீஸ்வரி தாளை வாங்கி மடிக்காமல் பைக்குள் வைத்தாள். வக்கீல் ஒன்பது மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார், அதற்குள் கொண்டுபோக வேண்டும். ஸ்கூட்டரை நம்ப முடியாது.

செல்வக்குமார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறினார். பாதியில் நின்று திரும்பினார்.

"காலையில கோர்ட்டுக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே சொன்னார். "ஒம்பதரைக்கே வந்துர்றேன்."